ஏழாவது குண்டு எங்கிருந்து வந்தது? ஆக்‌ஷன் படங்களில் பிழை பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருஷம் கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகக் குப்பை கொட்டியவன் நான். கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி எழுதுவது, மூன்றாவது டேக்கில் டீ கிளாஸில் எவ்வளவு டீ மிச்சம் இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது, இவைதான் வேலை. இப்போது காரைக்குடியில் கல்யாண ஆல்பம் போடும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஷூட்டிங் வண்டி வராத மாதம் குறைவு. அதனால் ஒரு ஆக்‌ஷன் படம் வெளியானால் மறுநாளே கடைக்கு ஆள் வந்துவிடும். “அண்ணே, வாசல் நம்ம கானாடுகாத்தான். உள்ளே போனா பள்ளத்தூர். மாடி ஏறினா மெட்ராஸ் செட்டு. என்னண்ணே இது?” அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணமாக வரும் காட்சிகள் எந்தப் படத்திலிருந்தும் எடுத்தவை அல்ல, நானே கட்டியவை.

கன்டினியூட்டி தப்பு, லாஜிக் ஓட்டை, கதாபாத்திரப் பிழை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஒரு ஷாட்டில் முழுக்கையாக இருந்த சட்டை அடுத்த ஷாட்டில் முழங்கை வரை மடித்திருந்தால் அது கன்டினியூட்டி தப்பு. அதற்குக் கதையில் பொறுப்பு கிடையாது, என்னைப்போல் நோட்டு வைத்துக்கொண்டு நின்றவன்தான் பொறுப்பு. முதல் பாதியில் கதை தானே சொன்ன ஒன்றை இரண்டாம் பாதியில் தானே மறந்தால் லாஜிக் ஓட்டை. கதாபாத்திரப் பிழை என்பது, ஒரு ஆள் தனக்குத் தெரிந்தே இருக்க வேண்டிய ஒன்றைத் தப்பாகச் சொல்வது அல்லது தப்பாகச் செய்வது.

இருபது வருஷம் ராணுவத்தில் இருந்தவர் என்று அறிமுகமாகும் ஹீரோ, விசையில் விரலை வைத்துக்கொண்டே துப்பாக்கிக் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் அது கதாபாத்திரப் பிழை. அதையே, வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் டீக்கடைப் பையன் செய்தால் அது பிழையே இல்லை, நல்ல நடிப்பு. செயல் ஒன்றுதான், ஆள்தான் வேறு. பிழை பிடிக்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்.

அப்படியானால் ஒருவன் முட்டாள்தனமாக நடந்தால் அது பிழை இல்லையா?

மனிதர்கள் முட்டாள்தனமாக நடப்பார்கள். பயத்தில், கோபத்தில், திமிரில், காதலில் நடந்தே தீருவார்கள். நான் கேட்டுப் பார்ப்பது இதுதான்: அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் அது தெரியுமா? தெரிந்தும் செய்யவில்லை என்றால் ஏன் என்று படம் காட்டியிருக்கிறதா?

நம் ஊரையே வைத்துச் சொல்கிறேன். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு என்கிற நடு முற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போய்ப் பின்வாசல் இன்னொரு தெருவில் திறக்கும். இப்போது வில்லனின் ஆட்கள் நாற்பது பேர் வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள். நாற்பது பேரும் முன்வாசலில் நிற்கிறார்கள். ஹீரோ பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிடுகிறார். இது பிழையா?

அடியாட்கள் மும்பையிலிருந்து இறக்கியவர்கள் என்றால் இல்லை. வாசலைப் பார்த்தவர்களுக்கு வீடு அவ்வளவு தூரம் ஓடும் என்று எப்படித் தெரியும்? அதுவே அவர்கள் காரைக்குடிக்காரர்கள் என்றால் முழுப் பிழை. இந்த ஊரில் பிறந்து அஞ்சாம் வகுப்பு தாண்டிய எவனுக்கும் பின்வாசல் எங்கே இருக்கும் என்று தெரியும், அங்கே கிரிக்கெட் பந்து பொறுக்கப் போயிருப்பான். ஒரே காட்சி, ஒரே வீடு. அடியாளின் ஊர் மாறினால் தீர்ப்பு மாறுகிறது. இயக்குநர் செலவில்லாமல் இதைச் சரிசெய்திருக்கலாம். “இவனுங்க வெளியூர்க்காரனுங்கண்ணே” என்று ஒருவன் சொன்னால் போதும்.

ஹீரோவைக் கட்டிப்போட்டு, தன் திட்டத்தை எல்லாம் விளக்கிவிட்டுக் கொல்லாமல் போகும் வில்லனுக்கும் இதே கணக்குத்தான். படம் முழுக்கக் கைதட்டலுக்கு ஏங்கும் ஆளாக அவனைக் காட்டியிருந்தால் அந்தப் பிரசங்கம் அவன் குணம். மூன்று கொலையைப் பேசாமல் செய்தவன் நான்காவதுக்கு மட்டும் நின்று பேசினால், ஹீரோவுக்குக் கயிறு அவிழ்க்க நேரம் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஹீரோ ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்க விடுகிறாரே, அது லாஜிக் மீறல்தானே?

அதை நான் பிழைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கூத்தில் அர்ச்சுனன் நூறு பேரை அடிக்கும்போது யாராவது எழுந்து கணக்குக் கேட்டதுண்டா? படம் தொடங்கிய பத்து நிமிஷத்தில் “இந்த உலகத்தில் ஹீரோ அடித்தால் ஆள் பறப்பான்” என்று சொல்லிவிட்டால் அதுதான் அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைப் படமே உடைத்தால்தான் எனக்கு உறுத்தும். இடைவேளைக்கு முன் இரும்புச் சங்கிலியை அறுத்தவர், இடைவேளைக்குப் பின் தேங்காய்க் கயிற்றில் கட்டுண்டு கிடந்தால், சங்கிலி அறுந்ததும் பொய், கயிறு இறுகியதும் பொய்.

ரிவால்வரில் குண்டு எண்ணுவது எப்படி?

விரல் விட்டு எண்ணுங்கள், வேறு வித்தை இல்லை. போலீஸ்காரர்கள் காலங்காலமாக இடுப்பில் வைத்திருந்த ரிவால்வரில் ஆறு குண்டு. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியில் இரண்டு. நம் படைகள் வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டலில் 13. ஏகே 47-ன் வழக்கமான மேகசினில் 30. நிமிஷத்துக்கு 600 குண்டு வேகத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் அந்த 30-ம் மூன்று விநாடியில் காலி. படத்தில் முக்கால் நிமிஷம் சுடுவார்கள். நடுவில் மேகசின் மாற்றுவதைக் காட்டாமல் விட்டால் தப்பில்லை, கேமரா வேறு பக்கம் பார்த்த நேரத்தில் மாற்றினான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஷாட்டில், கட் இல்லாமல், ரிவால்வர் ஏழாவது முறை வெடித்தால் கையைத் தூக்குங்கள்.

வேட்டைத் துப்பாக்கியை மடித்துத் தோட்டா போடுகிற சத்தத்தை ரிவால்வருக்கு ஒட்டுவது இன்னொரு வழக்கம். அது ஒலிப்பதிவுக் கூடத்தின் கைவரிசை.

குண்டு பட்டதும் ஆள் பத்தடி பின்னால் பறக்கிறானே?

எட்டு கிராம் குண்டு விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ ஆளுக்குள் தங்கிவிட்டது என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த உந்தக் கணக்குப்படி அந்த ஆளுக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு சுமார் நான்கு சென்டிமீட்டர். எறும்பு கொஞ்சம் அவசரமாக ஓடுவது போல. சுடுகிறவன் கைக்கும் அதே அளவு உதை திரும்பி வர வேண்டும், அவன் மட்டும் ஆடாமல் நிற்கிறான். ஆளைப் பறக்க விடுவது குண்டு அல்ல, இடுப்பில் கட்டிய ரோப்.

அதைவிட எனக்கு எரிச்சல் தருவது தோள் காயம். “தோள்லதான் பட்டுச்சு, ஒண்ணும் இல்லை” என்று ஹீரோ கையை உதறிவிட்டு எழுவார். தோள்பட்டைக்குள் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக்கற்றையும் ஓடுகின்றன. அங்கே பட்டால் கையைத் தூக்கவே முடியாமல் போகலாம், ரத்தம் போயே ஆள் போகலாம். கத்தியைச் சூடுகாட்டிக் குண்டைத் தோண்டி எடுப்பதும் அப்படித்தான். தோண்டுவதால் வரும் கேடுதான் அதிகம். டாக்டர்களே பல சமயம் குண்டை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் சண்டைக்காட்சியில் என்னென்ன பார்க்கலாம்?

இதற்கு நான் நாள் முழுக்கப் பதில் சொல்வேன். ஒரு காட்சியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஹீரோ நிலைக்கதவை உதைக்கிறார். கதவு இரண்டாகப் பிளந்து உள்ளே விழுகிறது. பர்மாத் தேக்கு, கனம் நாலு விரற்கடை, பித்தளைக் குமிழ், முழ நீளச் சாவி போடும் பூட்டு. அந்தக் கதவைத் திறந்து மூடவே என் மாமா தோள் கொடுத்துத் தள்ளுவார். உதைத்தால் உடைவது கால். ஆனால் பத்துப் பேர் பறக்கும் கேள்விக்குச் சொன்ன அதே விதி இங்கேயும் உண்டு. ஹீரோ சங்கிலி அறுக்கும் ஜாதி என்றால் விட்டுவிடலாம். கதவு உடைந்தபின் பாருங்கள், சிதறிய துண்டுகளின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். தேக்கு அல்ல, ப்ளைவுட்.

அடுத்து தரை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. வீட்டுக்கு வீடு பூப்போட்ட டிசைன் மாறும். அதனால் தரையைப் பார்த்தே எத்தனை வீட்டில் எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். முகப்பில் சிவப்பும் மஞ்சளும், அடியாள் விழுந்த இடத்தில் நீலப்பூ, எழுந்து நின்ற இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் என்றால் ஆள் விழுந்து எழுவதற்குள் மூன்று ஊர் தாண்டியிருக்கிறான்.

பிறகு தூண். அடியாளைத் தூக்கித் தூணில் அடித்தால் தூண் முறிந்து வெள்ளைத் தூள் பறக்கும். மரத்தூண் முறிந்தால் சிலும்பு வரும், கல்தூண் முறியாது. வெள்ளைத் தூள் வருவது பாரிஸ் சாந்தில். சுவரும் அப்படியே. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும், பின்னால் இருப்பது முழங்கணக்கில் கனமுள்ள செங்கல். அதில் ஆள் உருவத்துக்கு ஓட்டை விழுவதெல்லாம் காதில் பூச்சுற்றுவது.

வளவு முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது, வெயில் நேராக இறங்கும். சண்டை தொடங்கும்போது நிழல் மேற்குப் பக்கத் தூணில் இருந்து முடியும்போது கிழக்குத் தூணில் இருந்தால், மூன்று நிமிஷச் சண்டையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை எடுத்தார்கள் என்று அர்த்தம். இந்த ஊர் பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை உச்சிவெயிலில் நிழல் காலடியில் சுருண்டுகிடக்கும், மார்கழி உச்சியிலோ ஆளின் உயரத்தில் பாதிக்கு மேல் நீளும். கதையில் சித்திரைத் திருவிழா, முற்றத்தில் மார்கழி நிழல் என்று நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன், ஹீரோ கால்ஷீட் மார்கழியில்தான் கிடைத்தது.

கடைசியாக மொட்டைமாடியிலிருந்து குதிப்பது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும் மொபெட் சுவரில் மோதுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வைக்கோல்போர் இருந்தால் கொஞ்சம் நம்பலாம், ஆத்தங்குடிக் கல் என்றால் வேண்டாம்.

பழைய வீட்டில் புதையல் கிடைக்கும் கதைகளில்?

தங்கத்தின் எடை எழுதுகிறவர்களுக்கு மறந்தேவிடுகிறது. ஒரு லிட்டர் தங்கம் 19 கிலோவுக்கு மேல். பதினைந்து லிட்டர் குடம் நிறையப் பொற்காசு என்றால், காசுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கழித்தாலும் 150 கிலோவுக்குக் குறையாது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கதாநாயகி ஓடுகிறாள்.

சூட்கேஸ் பணமும் அதே கதை. ஒரு கோடி ரூபாயை 500 ரூபாய் நோட்டாக வைத்தால் 20,000 நோட்டு, 200 கட்டு. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம் என்றாலே 20 கிலோ, அரிசிச் சிப்பம் மாதிரி. பத்துக் கோடியை ஒரே பெட்டியில் வைத்து ஒற்றை விரலில் சுழற்றுகிறவர் வில்லனாக இருக்க வேண்டியதில்லை, நேராக ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்.

அந்தக்காலக் கதை என்று எடுக்கும் படங்களில் எதை முதலில் பார்ப்பீர்கள்?

வண்டி நம்பரை. டிஎன் 63 என்பது சிவகங்கை மாவட்டத்து எண். இப்படி டிஎன்னுக்குப் பின் மாவட்ட எண் போடும் முறை 1989-க்குப் பிறகு வந்தது. அதனால் 1982-ல் நடக்கும் கதையில் டிஎன் 63 அம்பாஸடர் வந்தால் முடிந்தது. அந்தக் கதையில் ஒரு தாசில்தார் “சிவகங்கை மாவட்டம்” என்று சொன்னாலும் முடிந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல், அதுவரை நாம் ராமநாதபுரம் மாவட்டம். தாசில்தாருக்குத் தன் மாவட்டம் தெரியாமலிருக்காது, ஆகவே இது தகவல் பிழையும் கதாபாத்திரப் பிழையும் சேர்ந்த இரட்டைப் பிள்ளை.

வெடித்துப் பறக்கும் சுமோவைப் பாருங்கள். டாடா சுமோ சந்தைக்கு வந்தது 1994-ல், ஸ்கார்பியோ 2002-ல். 1990-ல் நடக்கும் சாதிக்கலவரத்தில் சுமோ பறந்தால் அது எதிர்காலத்திலிருந்து பறந்து வந்தது. லஞ்சக் கட்டில் காந்தி படம் போட்ட 500 ரூபாய் இருந்தால் கதை 1987-க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். கடிதத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருப்பது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் பிடிபடும். 1990-ல் காரைக்குடி அரசு பஸ்ஸில் மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் என்றுதான் இருக்கும். தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரே பெயர் ஆக்கியது 1997-ல்.

எனக்கு மிகப் பிடித்தது எழுத்து. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ எல்லாம் இப்போது நாம் எழுதும் ஒற்றை உருவத்துக்கு வந்தன. அதற்கு முன் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த கொம்போடு ஒட்டியிருக்கும். காரைக்குடிக் கடைத்தெருவில் பழைய கட்டடத்து நெற்றியில் இன்னும் அந்தத் தும்பிக்கையைப் பார்க்கலாம். 1960-ல் நடக்கும் கதை என்று சொல்லி, ‘மளிகை’ பலகையைக் கம்ப்யூட்டர் எழுத்தில் பளபளவென்று அடித்து மாட்டுவார்கள். ‘மளிகை’க்குப் பரவாயில்லை, அதில் வரும் ‘கை’ மாறவில்லை. ‘விற்பனை’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். பெரியார் தம் பத்திரிகையில் 1935-லேயே இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார். கதையில் அந்தப் பலகை கறுப்புச் சட்டைக்காரர் கடையுடையது என்றால் அது பிழை அல்ல, நுணுக்கம்.

இதேபோல் ‘சென்னை’ விஷயத்திலும் அவசரம் வேண்டாம். 1996-ல் மாறியது ஆங்கிலப் பெயர்தான். 1980-ல் நடக்கும் கதையில் தமிழ்ப் பலகையில் சென்னை என்று இருந்தால் குற்றமில்லை.

போலீஸ் காட்சிகளில்?

“காரைக்குடி போலீஸ் கமிஷனர்” என்று வந்தாலே சிரித்துவிடுங்கள். இங்கே டி.எஸ்.பி., அவருக்கு மேலே சிவகங்கையில் எஸ்.பி. போலீஸ் கமிஷனரைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். நமக்கு இருக்கும் ஒரே கமிஷனர் குப்பைக்கும் குடிதண்ணீருக்கும் பொறுப்பானவர்.

தோளைப் பாருங்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு இரண்டு நட்சத்திரமும் சிவப்பு-நீலப் பட்டையும். இன்ஸ்பெக்டருக்கு மூன்று நட்சத்திரமும் அதே பட்டையும். மூன்று நட்சத்திரம் இருந்து பட்டை இல்லையென்றால் டி.எஸ்.பி. பட்டை வைத்தவருக்குப் பட்டை இல்லாதவர் சல்யூட் அடித்தால் ஆடை உதவியாளருக்கு அன்று விடுமுறை.

பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. போலீஸ்கார ஹீரோ ஒருவனை ஒரு வாரம் லாக்கப்பில் வைத்து அடித்தால் அது பிழையா? அவர் சட்டத்தை மீறுகிறவர் என்று படத்துக்குத் தெரிந்திருந்தால் பிழை இல்லை. அவரை நேர்மையின் சிகரமாகக் காட்டிக்கொண்டே இதையும் காட்டினால் எனக்கு ஒப்பவில்லை. “302-ல உள்ள தள்ளிருவேன்” வசனத்துக்கும் வயதாகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்குப் பிரிவு 103. ஆனால் முப்பது வருஷம் 302 சொல்லிப் பழகிய ஏட்டய்யா வாய் தவறிச் சொன்னால், அது நான் ரசிக்கும் வகைக் கதாபாத்திரப் பிழை. கோர்ட்டில் நீதிபதி மரச்சுத்தியலால் தட்டுவது மட்டும் எந்த வருஷக் கதையானாலும் இந்தியாவில் தப்பு.

மொழியும் சடங்கும் தப்பாக வந்தால்?

காரைக்குடி ரவுடி “ஏலே” என்றால் அவன் திருநெல்வேலியிலிருந்து வாடகைக்கு வந்தவன். “என்னங்ணா” என்றால் கோயம்புத்தூர். நம் பக்கத்தில் “என்னப்பு” என்பதுதான் மிரட்டலுக்கும் கொஞ்சலுக்கும் ஒரே சொல்.

நகரத்தார் வீட்டுக் கதையென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒன்பது கோயில் பிரிவு. ஒரே கோயில்காரர்கள் பெரும்பாலும் பங்காளி முறை, பெண் எடுக்க மாட்டார்கள். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் தங்களுக்குள் அண்ணன் தம்பி. ஹீரோ பிள்ளையார்பட்டி, ஹீரோயின் இரணியூர் என்று வைத்துவிட்டு, கல்யாணத்துக்குத் தடையாக வில்லனின் பணத்திமிரைக் காட்டினால் ஆச்சிகள் தியேட்டரிலேயே எழுந்து போய்விடுவார்கள். தடை முதல் ரீலிலேயே இருக்கிறதே, வில்லன் எதற்கு? இன்னொன்று, கழுத்திரு. கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் அணிகிற பெரிய நகை அது. அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் ஊற்றும் ஆச்சி திரையில் மட்டும்தான் உண்டு. நகரத்தார் கல்யாணப் பந்தியில் சிக்கன் பரிமாறும் காட்சியைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

செல்போனை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் காட்சிகள்?

“இன்னும் அறுபது செகண்ட் பேச வை” என்பது லேண்ட்லைன் காலத்துப் பழக்கம். செல்போன் பேசாமல் சட்டைப்பையில் கிடந்தாலே டவரோடு தொடர்பில் இருக்கும். அதேசமயம், டவர் மட்டும் ஆளின் கதவு எண்ணைச் சொல்லாது. டவர் அடர்த்தி இல்லாத பொட்டல்காட்டில் காட்டும் வட்டம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். சிசிடிவியில் மங்கிய முகத்தைத் தட்டித் தட்டித் தெளிவாக்குவதும் அப்படித்தான். பதிவாகாத மூக்கை எந்தக் கம்ப்யூட்டரும் உண்மையாக வரைந்து தராது.

இத்தனை பேர் சுற்றி நின்றும் எப்படித் தப்பு நடக்கிறது?

படம் கதை வரிசையில் எடுப்பதில்லை. முகப்பில் நடந்து உள்ளே போவதைச் செவ்வாய்க்கிழமை எடுத்தால், உள்ளே காலடி வைப்பதை ஒன்றரை மாதம் கழித்துச் சென்னையில் எடுப்போம். அதற்குள் நடிகர் வேறு படத்துக்குத் தாடி வளர்த்திருப்பார். முன்பு போலராய்டு படம் எடுத்து நோட்டில் ஒட்டுவார்கள், இப்போது செல்போன்.

அந்தச் செல்போன்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு படத்தில் வில்லன் கையில் கட்டு. தேவகோட்டைப் பக்கம் நான்கு நாள் எடுத்தோம், மிச்சம் நாற்பது நாள் கழித்துச் செட்டில். கட்டு எந்தக் கையில் என்று நடிகருக்கும் சந்தேகம், எனக்கும் சந்தேகம். அவரே தன் போனைத் தேடி, அந்தக் கட்டோடு எடுத்த செல்ஃபியைக் காட்டினார். அதைப் பார்த்து வலது கையில் கட்டினோம். செல்ஃபி கண்ணாடி பிம்பமாகப் பதிவாகியிருந்தது என்பது எனக்கு உறைத்தபோது படம் வெளியாகிவிட்டது. பதினோரு நிமிஷ கிளைமாக்ஸ், இரண்டு கை மாறிய கட்டு. விமர்சகர்கள் யாரும் கவனிக்கவில்லை. காரைக்குடியில் இரண்டாவது ஆட்டத்தில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா ஒருவர் கவனித்தார். “கட்டை அவுத்துப் பார்த்தா காயம் எந்தக் கையில இருக்குமோ” என்றார் பக்கத்திலிருந்தவரிடம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தரிக்கோல் தப்பும் உண்டு. “வில்லனுக்கு இந்த விஷயம் எப்படித் தெரிந்தது?” என்று நீங்கள் கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதிலாக ஒரு காட்சி எடுத்திருப்போம். படம் நீளம் என்று வெட்டியிருப்பார்கள். எடிட்டர் சில சமயம் ஷாட்டை இடம் வலமாகத் திருப்பியும் போடுவார், ஹீரோ ஓடும் திசை பொருந்துவதற்காக. சட்டைப்பை இடது மார்பிலிருந்து வலது மார்புக்குத் தாவியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பக்கத்தில் இருப்பவரிடம் பிழைகளைச் சொல்லிக்கொண்டே படம் பார்க்கலாமா?

என் வீட்டுக்காரி என்னோடு தியேட்டருக்கு வருவதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது.

எங்கள் வீட்டை ஷூட்டிங்குக்குக் கேட்கிறார்கள். கதையில் தப்பு வராமல் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

கதையை உங்களால் காப்பாற்ற முடியாது, கன்டினியூட்டியைக் கொஞ்சம் காப்பாற்றலாம். முதல் நாள் அவர்கள் சாமான் இறக்குவதற்கு முன் முகப்பு, வளவு, பட்டாசாலை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள், பின் கேமராவில். எந்த ஐயா படம் எந்த ஆணியில் தொங்கியது என்று பதினைந்தாம் நாள் உதவி இயக்குநர் உங்களிடம்தான் ஓடி வருவான். சுவர்க்கடிகாரத்தின் செல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். நடுவில் அவர்களுக்குத் தெரியாமல் பாத்திரம், நாற்காலி எதையும் இடம் மாற்றாதீர்கள், அடுக்களைப் பக்கம் போகிற வழியில் காய்கிற துணி உட்பட.

என் அத்தை வீட்டில் ஒருமுறை சண்டை எடுத்தார்கள். அத்தை தினமும் காலையில் எழுந்ததும் பக்தியோடு தினசரி காலண்டரில் தாளைக் கிழித்துவிடுவார். எட்டு நாள் ஷூட்டிங். திரையில் நான்கு நிமிஷச் சண்டை ஓடும்போது ஹீரோ தலைக்குப் பின்னால் அமாவாசை வந்து, பிரதமை வந்து, சஷ்டியும் வந்து போயிற்று. எந்தக் கதையாக இருந்தாலும் முதல் வேலையாகக் காலண்டரைக் கழற்றி சாமி அறையில் வைத்துவிடுங்கள்.